ஐதராபாத் அரசில் புரட்சியும் பிரதிநிதித்துவமும் – அதிகாரத்தின் மொழி குறித்து

0. முன்னுரை

அரசியல் வரலாற்றை எழுதுவோர் மன்னர், படை, சட்டம், தேர்தல் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதுகின்றனர். ஆணை எம்மொழியில் பிறந்தது, அதைக் கேட்டவர் எம்மொழியினர், எதிர்த்தவர் எச்சொல்லால் எதிர்த்தார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே நின்றுவிடுகின்றன. அதிகாரம் நாள்தோறும் மக்களை வந்தடைவது பெரும்பாலும் சொல் வழியாகவே ஆதலின், இவ்வினாக்கள் வரலாற்றின் ஓரத்தில் வைக்கத்தக்கவை அல்ல.

இக்கட்டுரை பழைய ஐதராபாத் அரசின் கடைசி முப்பதாண்டுகளையும் அதன் பின் வந்த சில மாற்றங்களையும் சமுதாய மொழியியல் நோக்கில் விளக்க முற்படுகிறது. ஐதராபாத் மூன்று காரணங்களால் இதற்கு ஏற்ற களமாகிறது. ஓர் அரசின் கீழ் நான்கு பெருமொழிகள் வழங்கின. ஆட்சியின் மொழி மிகப் பெரும்பான்மையோருக்குத் தாய்மொழியாக இல்லை. பிரதிநிதித்துவம், ஆயுதப் புரட்சி, படை நடவடிக்கை, பொதுத் தேர்தல், மாநிலச் சீரமைப்பு ஆகிய அனைத்தும் ஒரே தலைமுறைக் காலத்துக்குள் அங்கு நிகழ்ந்தன.

1. மூன்று சொற்கள்

1.1 தமிழில் ‘புரட்சி’ என்பது புரள், புரட்டு என்னும் வினைகளோடு உறவுடையது. கீழது மேலாகவும் மேலது கீழாகவும் மாறுதல் அதன் அடிப்படைப் பொருள். உருதுவில் வழங்கும் ‘இன்கிலாப்’ அரபு மொழிச் சொல். புரட்டுதல், திருப்புதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. தொடர்பற்ற இரு மொழிக் குடும்பங்கள் ஒரே உருவகத்தைத் தேர்ந்துள்ளமை கருதத்தக்கது. தெலுங்கின் ‘விப்லவம்’ வடசொல். அதன் பழைய பொருளில் குழப்பம், பேரழிவு என்னும் சாயல் உண்டு. மராத்தியும் கன்னடமும் வழங்கும் ‘கிராந்தி’ அடியெடுத்து வைத்தல், கடத்தல் என்னும் பொருளினின்று வந்தது. ஆகவே ஐதராபாத்தின் நான்கு மொழியினரும் ஒரே நிகழ்ச்சியை முறையே புரளுதலாகவும், குழப்பமாகவும், முன்னேறிக் கடத்தலாகவும் தம் சொற்களில் பதிந்து வைத்திருந்தனர் எனலாம்.

1.2 ‘பிரதிநிதி’ என்னும் வடசொல்லுக்கு ‘ஒன்றற்குப் பதிலாக வைக்கப்பட்டது’ என்பது பொருள். உருதுவின் ‘நுமாயிந்தா’ பாரசீகச் சொல். காட்டுபவர் என்பது அதன் பொருள். ஒருவருக்குப் பதிலாக நிற்பது வேறு. அவரைக் காட்டுவது, அதாவது அவருடைய சாயலைத் தாங்கி நிற்பது, வேறு. அரசியல் கோட்பாட்டாளர் நீண்ட நாள் விவாதித்து வரும் வேறுபாடு இது. தன் மொழியே அறியாத ஒருவர் தனக்குப் பதிலாக மன்றத்தில் அமர்ந்தால் அது பிரதிநிதித்துவம் ஆகுமா என்பதே ஐதராபாத்தில் எழுந்த வினா.

1.3 ‘அதிகாரம்’ என்பதைத் தமிழ் இலக்கண மாணவர் முதலில் சந்திப்பது தொல்காப்பியத்தில்: எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், பொருளதிகாரம். ஒரு விதி எங்குத் தொடங்கி எதுவரை செல்லும் என்னும் எல்லையே இலக்கண நூலாரின் அதிகாரம். அரசியல் அதிகாரத்துக்கும் இவ்விளக்கம் பொருந்தும். ஒருவர் சொல் எதுவரை செல்லும் என்பதே அவருடைய அதிகாரத்தின் அளவு.

2. ஐதராபாத் அரசின் மொழிநிலை

2.1 1724இல் தொடங்கிய ஆசப்ஜாஹி மரபின் ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1911 முதல் ஆண்டார். அவர் காலத்து அரசு பதினாறு மாவட்டங்களைக் கொண்டது: தெலங்கானாவில் எட்டு, மராத்வாடாவில் ஐந்து, கன்னடப் பகுதியில் மூன்று. மக்களுள் ஏறத்தாழப் பாதியினர் தெலுங்கர். நான்கில் ஒரு பங்கினர் மராத்தியர். கன்னடரும் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோரும் ஒவ்வொருவரும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். தமிழரும் நகரில் சிறு தொகையினராக வாழ்ந்தனர்.

அரசின் அலுவல் மொழி முதலில் பாரசீகமாக இருந்தது. 1880களில் உருது அவ்விடத்தைப் பெற்றது. பாரசீகம் எவருக்கும் தாய்மொழி அன்று. உருதுவோ அம்மண்ணில் வேரூன்றிய மொழி. தக்கனி என்னும் வழக்காகப் பல நூற்றாண்டுகள் அங்குப் பேசப்பட்டும் பாடப்பட்டும் வந்தது. ஆகவே இம்மாற்றத்தை ஒரு வகையில் மக்களை நோக்கிய நகர்வு என்றே கொள்ள வேண்டும். ஆயினும் நீதிமன்றத்திலும் தாலுகா அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டிய தெலுங்கு உழவருக்கு, அறியாத ஒரு மொழி போய் அறியாத மற்றொரு மொழி வந்தது என்பதற்கு மேல் மாற்றம் இல்லை.

2.2 1917இல் மொழிபெயர்ப்புத் துறை ஒன்றும் 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. பிரித்தானிய இந்தியாவின் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தில் கற்பித்த காலத்தில் மருத்துவம், பொறியியல் உட்பட உயர்கல்வியை ஓர் இந்திய மொழியில் கற்பித்த பெருமை உஸ்மானியாவுக்கு உண்டு. அரபு, பாரசீக வேர்களிலிருந்து ஆயிரக்கணக்கான கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. இந்திய மொழியில் உயர்கல்வி இயலாது என்போருக்கு அது நேரடியான விடை. தமிழில் அறிவியல் கலைச்சொல் ஆக்குவோரும் கற்க வேண்டிய பாடங்கள் அம்முயற்சியில் உள்ளன.

ஆனால் எம்மொழி என்னும் வினாவை அப்பல்கலைக்கழகம் தீர்க்கவில்லை. ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த நிறுவனம் தெலுங்கு, மராத்தி, கன்னட மாணவருக்குப் பிறிதொரு மொழியின் ஆதிக்கமாகத் தோன்றியது. ஒரு மொழியின் விடுதலையும் ஒரு மொழியின் ஆதிக்கமும் ஒரே நிறுவனத்துள் இருக்கக்கூடும் என்பதை உஸ்மானியா காட்டுகிறது. 1938இல் விடுதியில் வந்தே மாதரம் பாடியதற்காக மாணவர் பலர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பி. வி. நரசிம்ம ராவ் நாகபுரி சென்று படிப்பைத் தொடர்ந்தார். அதே 1938இல் சென்னை மாகாணத்தில் கட்டாய இந்திக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டின் அரசியலும் வேறு. பள்ளியும் கல்லூரியும் மொழி அதிகாரத்தின் களமாயின என்பதில் அவை ஒன்று.

3. மேடையில் மறுக்கப்பட்ட மொழி

3.1 1921 நவம்பரில் ஐதராபாத் விவேகவர்த்தினி அரங்கில் சமூகச் சீர்திருத்த மாநாடு ஒன்று நடந்தது. தலைமை ஏற்றவர் பெண்கல்விக்கு உழைத்த தோண்டோ கேசவ கார்வே. ஆங்கிலத்திலும் உருதுவிலும் மராத்தியிலும் பேசியவர்களை அவை அமைதியாகக் கேட்டது. வழக்கறிஞர் அல்லம்பள்ளி வேங்கடராமராவ் தெலுங்கில் பேசத் தொடங்கியதும் கூச்சலும் கேலியும் எழுந்தன. அவர் பேச்சைத் தொடர இயலவில்லை. அன்றிரவே தெலுங்கர் சிலர் கூடி ஆந்திர ஜன சங்கத்தைத் தொடங்கினர். மாடபாடி ஹனுமந்த ராவ் அதன் முதன்மை உழைப்பாளரானார்.

இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. தெலுங்கைக் கேலி செய்தவர் ஆட்சியாளர் அல்லர். அவர்களைப் போலவே ஆட்சி மொழிக்கு வெளியே நின்ற மற்றொரு மொழியினர். ஆதிக்கம் மேலிருந்து மட்டும் இயங்குவதில்லை. கீழ்ப்பட்டோரிடையேயும் அது படிநிலைகளை உண்டாக்குகிறது. நாட்டின் பாதி மக்கள் பேசும் மொழி, தலைநகரின் படித்த அவையில் நாகரிகமற்றதாகக் கருதப்பட்டது. எண்ணிக்கையில் பெரும்பான்மை வேறு, மதிப்பில் பெரும்பான்மை வேறு என்னும் மொழியியல் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

3.2 ஆந்திர ஜன சங்கத்தின் தொடக்கப் பணிகள் நூலகம், பள்ளி, சிறு நூல் வெளியீடு ஆகியன. 1901இல் நகரில் நிறுவப்பட்ட ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் இவற்றுக்கு முன்னோடி. 1926இல் சுரவரம் பிரதாப ரெட்டி ‘கோல்கொண்ட பத்திரிகை’யைத் தொடங்கினார். தெலங்கானாவில் தெலுங்குக் கவிஞரே இல்லை என்று ஒருவர் எழுதியதற்கு விடையாக 1934இல் 354 கவிஞரின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். பொதுக்கூட்டத்துக்கு முன்னனுமதி வேண்டும் என்னும் சுற்றறிக்கை நடைமுறையில் இருந்தமையால், அரசியல் பேச முடியாதவர் மொழியையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசினர். அதுவே நாளடைவில் அரசியலாயிற்று.

அவர்கள் வெளியிட்ட சிறு நூல்களுள் ஒன்று ‘வெட்டிச் சாகிரி’ பற்றியது. ஊதியமின்றி வேலை வாங்குவதைக் கட்டுப்படுத்தும் ஆணைகள் நிஜாம் அரசாலேயே பிறப்பிக்கப்பட்டிருந்தன. அவ்வாணைகளை, வேலை செய்வோர் அறியும் மொழியில் எடுத்துச் சொல்வதே அந்நூலின் பணி. உரிமை சட்டத்தில் இருந்தும் சட்டத்தின் மொழியை அறியாதவருக்கு அது இல்லாததற்கே சமம். இத்தகைய நிலையில் மொழிபெயர்ப்பே ஓர் அரசியல் செயலாகிறது.

4. எண்ணிக்கையில் அடங்கிய பிரதிநிதித்துவம்

4.1 1937இல் அரவமுது ஐயங்கார் தலைமையில் அரசியல் சீர்திருத்தக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை ஒட்டி 1939இல் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. 85 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் 42 பேர் மட்டுமே தேர்ந்தெடுக்கப்படுவர். தொகுதிகள் நிலப்பரப்பால் வகுக்கப்படாமல் நிலவுடைமையாளர், குத்தகையாளர், தொழிலாளர், வணிகர், வழக்கறிஞர், மருத்துவர் என நலன் சார்ந்த பிரிவுகளால் வகுக்கப்பட்டன. தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சம எண்ணிக்கை தரப்பட்டது. மக்கள்தொகையில் இந்துக்கள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர்.

இத்திட்டம் சமயத்தையும் தொழிலையும் எண்ணிற்று, மொழியை எண்ணவில்லை. நிலப்பகுதியைத் தொகுதியாகக் கொண்டிருந்தால் மொழி தானாகவே மன்றத்துக்குள் வந்திருக்கும். நல்கொண்டாவின் உறுப்பினர் தெலுங்கராகவும் ஔரங்காபாதின் உறுப்பினர் மராத்தியராகவும் இருந்திருப்பர். நலன் சார்ந்த பிரிவுகள் அவ்வழியை அடைத்தன. பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் அலகை யார் வகுக்கின்றாரோ அவரே பிரதிநிதித்துவத்தின் உள்ளடக்கத்தையும் வகுக்கின்றார் என்பது இதிலிருந்து பெறப்படும்.

தமிழக வரலாற்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. மக்களாட்சியின் பழஞ்சான்றாக அவை பெரிதும் போற்றப்படுகின்றன. ஆனால் வரி செலுத்தும் நிலம், சொந்த மனை, வயது, வேதக் கல்வி ஆகிய தகுதிகள் உடையோர் பெயர்களே குடத்துள் இடப்பட்டன. குடத்துள் ஓலை விழும் முன்னரே பெரும்பாலோர் விலக்கப்பட்டிருந்தனர்.

4.2 1938இல் ஐதராபாத் மாநிலக் காங்கிரஸ் முறையாகத் தொடங்கப்படும் முன்னரே தடை செய்யப்பட்டது. ‘காங்கிரஸ்’ என்னும் சொல்லும் அரசின் மறுப்புக்கு உள்ளாயிற்று. பெயரை மாற்றுவது குறித்துப் பேச்சுகள் நடந்தன. ஒரு பெயரைத் தாங்கும் உரிமையே பூசலாகும்போது, பெயரிடுதலும் அதிகாரத்தின் ஒரு செயல் என்பது வெளிப்படை. சுவாமி ராமானந்த தீர்த்தர் தலைமையில் சத்தியாக்கிரகம் நடந்தது. தடை 1946இல்தான் நீங்கியது.

5. அடிமையின் இலக்கணம்

5.1 அரசு நிலத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு ஜாகீர்களிலும் நிஜாமின் சொந்த நிலமாகிய ஸர்ஃப்-ஏ-காஸிலும் அடங்கியது. எஞ்சிய பகுதியிலும் தேசமுகர், தேசபாண்டியர், பட்டேல், பட்வாரி ஆகியோரின் கையே ஓங்கியிருந்தது. தெலங்கானாவில் பெருநிலக்கிழாரைத் ‘தொர’ என்றும் அவர் மாளிகையைக் ‘கடி’ என்றும் வழங்கினர். தமிழின் ‘துரை’யே தெலுங்கில் ‘தொர’.

கூலியின்றி வாங்கப்பட்ட வேலை தெலுங்கில் ‘வெட்டி’. மராத்தியர் ‘வேட்’ என்றனர்; கன்னடர் ‘பிட்டி’ என்றனர். மூன்றும் ‘விஷ்டி’ என்னும் வடசொல்லின் திரிபுகள். தமிழில் வகரமாக நிற்பது கன்னடத்தில் பகரமாதல் வேர்–பேரு, வில்–பில்லு என்பவற்றில் காணும் ஒழுங்கான மாற்றமே. உருது வழக்கு ‘பேகார்’ பாரசீகச் சொல். ஐதராபாத்தின் நான்கு மொழிகளும் எதில் வேறுபட்டனவோ, இக்கொடுமைக்குத் தனிச்சொல் வைத்திருப்பதில் வேறுபடவில்லை.

தமிழுக்கும் இச்சொல் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் பட்டியலில் ‘வெட்டி’ அடிக்கடி வருகிறது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளின் வரிச்சொற்களைத் தொகுத்து ஆராய்ந்துள்ளனர். இன்று நாம் வழங்கும் வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு என்பன அதன் எச்சங்கள். கூலி தரப்படாத வேலை என்பது பயனற்ற வேலை என மாறியுள்ளது. இப்பொருள் மாற்றத்தை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அவ்வேலை பயனற்றதன்று, செய்தவனுக்குப் பயன் இல்லை, அவ்வளவே. வாங்கியவனுக்கு முழுப் பயனும் இருந்தது. சொல்லின் பொருள் மாறியபோது கொடுமை மறைந்து சோம்பல் என்னும் பழி மட்டும் எஞ்சிற்று.

5.2 தெலங்கானா ஊர்களில் கிழாரின் முன் எளியவர் கூறிய தொடர் இன்றும் நினைவில் உள்ளது: ‘நீ பாஞ்சன், தொரா, கால்மொக்தா’. ‘உன் அடிமை நான், தொரையே, உன் காலைத் தொழுகிறேன்’ என்பது பொருள்.

‘பாஞ்ச’ என்பது அடிமையைக் குறிக்கும் பெயர். அதனோடு ‘ன்’ என்னும் தன்மை ஒருமை விகுதி சேர்ந்துள்ளது. பெயர்ச்சொல்லே விகுதி ஏற்றுப் பயனிலையாகும் இவ்வமைப்புத் தமிழில் குறிப்பு வினைமுற்று எனப்படும். ‘அடி’ என்னும் பெயர் ‘ஏன்’ விகுதி ஏற்று ‘அடியேன்’ என வருவது இதற்கு நேர் இணை. இவ்வகைப் பயனிலை காலம் காட்டுவதில்லை. நேற்று அடிமை, இன்று அடிமை, நாளை அடிமை என்னும் வேறுபாட்டுக்கு அத்தொடரில் இடம் இல்லை. அடிமைத்தனம் ஒரு செயலாகச் சொல்லப்படாமல் ஓர் இயல்பாகச் சொல்லப்படுகிறது.

இறைவன் முன் ‘அடியேன்’ என்பது பத்தர் தாமே விரும்பி ஏற்ற சொல். தொரையின் முன் ‘பாஞ்சன்’ என்பது அச்சத்தால் வந்த சொல். இலக்கண அமைப்பு ஒன்றாயினும் அதன் பின்னுள்ள உறவு முற்றிலும் வேறு. பிரௌன், கில்மன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட ஆய்வில் முன்னிலைச் சொற்களை அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளால் விளக்கினர். தெலங்கானாத் தொடரில் முன்னிலை ஒருமையாகிய ‘நீ’ கிழாரைக் குறித்தே வருகிறது. ஆயினும் அங்குத் தோழமை இல்லை. தன்மையைத் தாழ்த்துவதன் மூலமே முன்னிலை உயர்த்தப்படுகிறது. திராவிட மொழிகளில் மதிப்பை ஆராய்வோர் முன்னிலையை மட்டும் நோக்காமல் தன்மையையும் நோக்க வேண்டும் என்பதற்கு இது சான்று. தஞ்சைப் பண்ணையாட்கள் கிழாரை ‘ஆண்டே’ என விளித்ததும் இவ்வகையினதே.

6. ‘சங்கம்’ என்னும் சொல்

6.1 1930இல் ஜோகிபேட்டையில் முதல் ஆந்திர மகாசபை கூடியது. தலைமை சுரவரம் பிரதாப ரெட்டி. தொடக்கத்தில் படித்தோர் மன்றமாக இருந்த அது 1944இல் புவனகிரி மாநாட்டில் பிளவுபட்டது. ராவி நாராயண ரெட்டியின் தலைமையில் இடதுசாரியினர் உறுப்பினர் கட்டணத்தை ஒரு ரூபாயிலிருந்து நாலணாவாகக் குறைத்தனர். அச்சிறு மாற்றம் ஊர் மக்களை உள்ளே கொணர்ந்தது. அவர்கள் ‘மகாசபை’ என்னும் நீண்ட பெயரை விடுத்துச் ‘சங்கம்’ என்றனர். கல்விச் சொல்லாக இருந்த ஒன்று ஊர்ச்சொல்லாயிற்று.

பாலகுர்த்தியில் சலவைத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஐலம்மா, விஸ்னூர் தேசமுகருக்கு எதிராகத் தம் நிலத்தின் விளைச்சலைச் சங்கத்தார் துணையோடு காத்தார். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் ஊர்வலத்தின்மீது கிழாரின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா இறந்தார். ஆயுதப் போராட்டத்தின் தொடக்கமாக அந்நாளைக் கொள்வர். போராட்டத்தின் தலைவருள் ஒருவரான பி. சுந்தரய்யா தரும் கணக்கின்படி அது ஏறத்தாழ 3,000 ஊர்களில் பரவியது. பத்து லட்சம் ஏக்கர் நிலம் பகிரப்பட்டது. 4,000 பேர் வரை உயிரிழந்தனர். இது போராட்டத் தரப்பின் கணக்கு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

6.2 இப்போராட்டத்தை உருதுவுக்கும் தெலுங்குக்கும் இடையிலான போராட்டமாகக் காண்பது பிழை. போராட்டத்தின் முன்னணியில் நின்ற மக்தூம் மொஹியுத்தீன் உருதுக் கவிஞர். ரஜாக்கர்களைக் கண்டித்து எழுதியதற்காக 1948 ஆகஸ்டில் கொல்லப்பட்ட ஷோயபுல்லா கான் ‘இம்ரோஸ்’ என்னும் உருது நாளிதழின் ஆசிரியர். மறுபுறம் கடியில் வாழ்ந்து வெட்டி வாங்கிய தொரைகளுள் மிகப் பலர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஆட்சி மொழி ஆதிக்கத்தின் கருவி ஆகலாம். மொழி பேசுவோர் அனைவரும் ஆதிக்கத்தினர் ஆகார். தாசரதி கிருஷ்ணமாசார்யர் தெலுங்கிலும் மக்தூம் உருதுவிலும் பாடியது ஒரே எதிர்ப்பையே.

7. ஆட்சி மாற்றமும் மொழி மாற்றமும்

7.1 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை ஐதராபாத்தில் நுழைந்தது. ஐந்து நாட்களுக்குள் நிஜாம் அரசு பணிந்தது. ‘போலீஸ் நடவடிக்கை’ என அதற்குப் பெயரிடப்பட்டது. படை செய்ததைக் காவல் பணி எனப் பெயரிடுதல், ஓர் அரசோடு நடந்த போரை உள்நாட்டு ஒழுங்காகக் காட்டிற்று. அதனைத் தொடர்ந்த வன்முறையைப் பண்டித சுந்தர்லால் குழு ஆராய்ந்து, 27,000 முதல் 40,000 வரை மக்கள் இறந்திருக்கலாம் என மதிப்பிட்டது. இறந்தோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. ஓர் ஆதிக்கம் வீழ்ந்தபோது அதன் பெயரால் எளியோரே தண்டிக்கப்பட்டனர். பெயரின் இதத்தில் மறைந்த இவ்வுண்மையையும் அதிகாரப் பயன்பாட்டின் வரலாறு பதிவு செய்தல் வேண்டும்.

1949இல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. 1950இல் குத்தகைச் சட்டம் வந்தது. 1951 அக்டோபரில் ஆயுதப் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. 1952 பொதுத் தேர்தலில் மக்கள் ஜனநாயக முன்னணியின் சார்பில் நல்கொண்டாவில் நின்ற ராவி நாராயண ரெட்டி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். அத்தேர்தலில் நாட்டிலேயே மிகுதியான வாக்குகள் அவை. எட்டாண்டுகளுக்கு முன் நாலணாக் கட்டணத்தால் சங்கத்துள் வந்தவர் இப்போது வாக்குச் சீட்டால் நாடாளுமன்றத்துள் ஒருவரை அனுப்பினர். ‘பதிலாக நிற்பவர்’, ‘காட்டுபவர்’ என்னும் இரு பொருளும் அங்கு ஒன்றுசேர்ந்தன எனலாம்.

7.2 மொழிநிலையில் நிகழ்ந்தது வேறு. உஸ்மானியாவில் உருதுவின் இடத்தைத் தெலுங்கு பெறவில்லை, ஆங்கிலம் பெற்றது. 1951 கணக்கெடுப்பின்படி ஐதராபாத் அரசில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவரே எழுத்தறிந்தோர். அவர்களுக்கு ஆங்கிலம் உருதுவைவிடத் தொலைவில் இருந்தது. மேலும், உருதுவில் பயின்ற உள்ளூர் இளைஞர் திடீரெனத் தகுதியற்றவராயினர். பாரசீகத்திலிருந்து உருது, உருதுவிலிருந்து ஆங்கிலம் என ஆட்சியின் மொழி இருமுறை மாறியும் அதனை ஊரார் அறியாத நிலை மாறவில்லை.

8. முல்கியும் பாலாநகரும்

‘முல்க்’ என்பது நாடு எனப் பொருள்படும் அரபுச் சொல். ‘முல்கி’ என்றால் இந்நாட்டவர். பதினைந்தாண்டுகள் வாழ்ந்தவரே அரசுப் பணிக்கு உரிய முல்கி என்பது 1919 விதி. படை நடவடிக்கைக்குப் பின் ஆங்கிலம் அறிந்த அலுவலரும் ஆசிரியரும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தபோது இச்சொல் எரிபொருளாயிற்று. 1952இல் மாணவர் கிளர்ச்சியில் ‘இட்லி சாம்பார் திரும்பிப் போ’ என்னும் முழக்கம் எழுந்தது. நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். நமக்கு நகைப்பாகத் தோன்றும் அம்முழக்கத்தின் அடியில், மொழி மாற்றத்தால் வேலை இழந்த ஒரு தலைமுறையின் துயரம் உண்டு.

1956இன் பெருமக்கள் உடன்பாடு தெலங்கானாவின் ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் உருதுவின் நிலை ஐந்தாண்டுகள் தொடரும் என்று கூறிற்று. அதே ஆண்டு நவம்பர் 1இல் ஐதராபாத் அரசு மொழிவழிப் பிரிந்து மூன்று மாநிலங்களோடு இணைந்தது. தெலுங்கு ஆட்சிமொழிச் சட்டம் 1966இல் வந்தது.

1960களில் நகரின் வடமேற்கே பாலாநகரில் நடுவண் அரசின் வானூர்திக் கருவித் தொழிற்சாலையும் மருந்துத் தொழிற்சாலையும் நிறுவப்பட்டன. நிஜாமின் காலத்தில் நகரைச் சூழ்ந்த ‘அத்ராஃப்-ஏ-பல்தா’ மாவட்டம் அரசரின் சொந்த நிலம்; அரச நிலத்தின் விளிம்பில் பொதுத்துறை எழுந்தது. தெலுங்கர், உருது மொழியினர், மராத்தியர், தமிழர், மலையாளிகள், ஒடியர் எனப் பலரும் அங்கு ஒரே பட்டறையில் நின்றனர். தொழிற்கூடத்தில் தக்கனி கலந்த இந்துஸ்தானி பொதுமொழியாகப் பயன்பட்டது. ஆணையும் அறிக்கையும் ஆங்கிலத்தில் வந்தன. தளத்தில் ஒரு மொழி, தாளில் ஒரு மொழி என்னும் பழைய பிளவு புதிய உருவில் தொடர்ந்தது. வேலை யாருக்கு என்னும் பழைய வினா 1969 கிளர்ச்சியிலும் பின்னர் 2014இல் தெலங்கானா தனி மாநிலமானதிலும் முடிந்த இயக்கத்திலும் மீண்டும் எழுந்தது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, ஆட்சி மாறுவதும் ஆட்சி மொழி மாறுவதும் மக்கள் அதிகாரம் பெறுவதாகத் தாமாக ஆகிவிடா. ஐதராபாத்தில் மூன்று மொழிகள் மாறி மாறி அரியணை ஏறிய பின்னரும் தாலுகா அலுவலகத்தின் வாயிலில் எழுதித் தருவோரை நம்பியே ஊரார் நின்றனர்.

இரண்டாவது, பிரதிநிதித்துவம் என்பது இடங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. 1921இல் ஒருவர் தம் மொழியில் பேச இயலாமற் போனதும் 1939இல் மொழியைக் கணக்கில் கொள்ளாத மன்றம் திட்டமிடப்பட்டதும் ஒன்றோடொன்று தொடர்புடையன. கேட்கப்படும் உரிமை இல்லாத இடத்தில் அமரும் உரிமைக்குப் பொருள் குறைவு.

மூன்றாவது, புரட்சியின் ஆழத்தை அளக்க நில ஏட்டோடு மக்களின் பேச்சையும் பார்க்க வேண்டும். ‘பாஞ்சன்’ என்னும் சொல்லைத் தெலங்கானாவில் இன்று எவரும் தம்மைக் குறித்துக் கூறுவதில்லை. பழைய கொடுமையை நினைவூட்டவே அது வழங்குகிறது. காலம் காட்டாத அப்பயனிலை இறந்தகாலத்துக்குச் சென்றுவிட்டது. பகிரப்பட்ட நிலங்களுள் பல மீண்டும் கைமாறின. ஆயினும் இம்மாற்றம் திரும்பவில்லை.

தமிழகத்தாருக்கும் இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது உண்டு. தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, பசலி என்னும் நம் வருவாய்த்துறைச் சொற்கள் ஐதராபாத்தின் சொற்களே. 1956இன் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் அவற்றுள் பலவற்றுக்குத் தமிழ்ச்சொற்கள் ஆக்கப்பட்டன. சொல் தமிழாயிற்று, தொடர் எளிதாயிற்றா? தம் நிலத்தின் ஆவணத்தை ஓர் உழவர் பிறர் துணையின்றிப் படித்துப் பொருள் கொள்ள முடிகிறதா? ஆட்சிமொழித் திட்டம் ஒவ்வொன்றையும் இவ்வினாவைக் கொண்டே அளந்து பார்த்தல் வேண்டும்.